நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பசுமை ஒயின்

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியபோது, தெருத் தண்ணீரில் முதலில் மிதந்து வந்தவை காலி குவார்ட்டர் பாட்டில்கள். அவற்றின் பின்னால் பிளாஸ்டிக் டம்ளர்கள் வந்தன. எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் வாசலைத் தாண்டிப் போனது அதற்குப் பிறகுதான். மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கால்வாயை அடைத்தது எது என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு மறந்துபோனோம். அவள் மறக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஷாம்பு கிடையாது, பாக்கெட் பால் கிடையாது, குப்பைக்கு மட்டும் மூன்று வாளிகள் உண்டு.

பிறகு அவளுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மற்ற கம்பெனிகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று கணக்கெடுத்துச் சொல்லும் வேலை. அந்த ஆபீஸில் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு, பூமி சூடாகிறது என்று அறிக்கை எழுதிவிட்டு வருவாள். அங்கேயே ஒரு பையனையும் பிடித்துப்போனது. நல்ல பையன். கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் புராட்டஸ்டண்ட். ரோமுக்கும் எங்களுக்கும் ஐந்நூறு வருஷமாக இருக்கிற தகராறை இரண்டு வீட்டாரும் ஒரு காபியில் பேசித் தீர்த்துவிட்டோம். அதற்கப்புறம் வந்ததுதான் ஒயின்.

"நிச்சயதார்த்தத்துல கேக் வெட்டின உடனே எல்லாரும் ஒரு வாய் ஒயின் குடிப்பாங்கம்மா. அவங்க வீட்டுப் பழக்கம்," என்றாள் மகள்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் மதுவிலக்கு உறுதிமொழியை முன்னால் நின்று வாசிக்கிறவள் நான்தான். என் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் உறுப்பினர். எங்கள் வீட்டுக்கு ஒயின் வருவதாக இருந்தால் அது வெள்ளத்தில் மிதந்து வந்தால்தான் உண்டு.

"திராட்சை ஜூஸ் வெச்சுக்கலாம்," என்றேன்.

"அட்டைப்பெட்டி ஜூஸா? அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் மூணையும் ஒட்டி வெச்சிருப்பான். அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாது. வேணாம்மா."

மது பாவமில்லை, அது வருகிற பெட்டிதான் பாவம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒயினும் ஏதோ ஒரு ஒயினாக இருந்தால் போதாதாம். திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கக் கூடாது. பாட்டில் கனமாக இருக்கக் கூடாது, கனமான பாட்டிலைச் செய்யவும் சுமக்கவும் அதிகப் புகை வருமாம். மூடி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, மரப்பட்டைத் தக்கையாக இருக்க வேண்டும். ரொம்ப தூரத்திலிருந்தும் வரக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கும்போது இவள் இத்தனை நிபந்தனை போடவில்லை.

"சரி, நீயே போய் வாங்கிடு."

"எனக்கு மாசக் கடைசிம்மா, ரிப்போர்ட் இருக்கு. அப்பாவை அனுப்பு."

அவளுடைய அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "நான் கமிட்டியில இருக்கேன். யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். நான் கடைக்குப் போனால் யார் என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு இப்படித்தான் என் தலையில் விழுந்தது.

சம்பந்தியம்மாவுக்கு போன் செய்தேன். அவர் பேங்கில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர், எதற்கும் அசராதவர். "இதுக்கு ஏன் கவலைப்படுறீங்க? எங்க ஃபிளாட் பக்கத்து மால்லயே ஒரு கடை இருக்கு. ஏசி கடை. லேடீஸ்லாம் வராங்க. ரெண்டு பேரும் போவோம்," என்றார்.

நாவலூர் மாலில் அந்தக் கடை துணிக்கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. முழங்கை வரை புடவையை இழுத்து மூடிக்கொண்டு, கள்ள ஓட்டுப் போடப் போகிறவள் ஓட்டுச்சாவடிக்குள் நுழைவதுபோல நுழைந்தேன். சம்பந்தியம்மா கூடையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி பாட்டில்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். "தம்பி, ஆர்கானிக் ஒயின் இருக்கா?"

"இன்னாது மேடம்?"

"பூச்சிமருந்து அடிக்காத திராட்சையில செஞ்சது."

அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நம்மகிட்ட ரெண்டு வெரைட்டி கீது. கூலிங் ஒண்ணு, கூலிங் இல்லாதது ஒண்ணு."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "குட் ஈவினிங் மிஸ்!"

திரும்பிப் பார்த்தேன். வழுக்கை விழுந்த, தொப்பை வைத்த ஒரு மனிதர், அட்டென்ஷனில் நின்றிருந்தார். கையிலிருந்த பீர் பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். எந்த வருஷத்துப் பையன் என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் எதையாவது முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தபடி என் முன்னால் நிற்கும் அந்தத் தோரணை நன்றாக ஞாபகம் இருந்தது.

"நீங்களா மிஸ்? இங்கயா?" என்றார்.

"மகளுக்கு நிச்சயதார்த்தம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஒயின் வேணுமாம்."

இதைக் கேட்டதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பாட்டில்களை முன்னால் கொண்டுவந்தார். "அப்படின்னா பீர்தான் மிஸ் கரெக்ட். ஒயின் பாட்டிலைக் குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுருவாங்க. பீர் பாட்டிலைக் கழுவி மறுபடி ஊத்துறான். அதோட நான் தினமும் வண்டி எடுத்துகினு வரமாட்டேன். ஒரு வாரத்துக்கு மொத்தமா வாங்கிடுவேன். பெட்ரோல் புகை எவ்ளோ மிச்சம் பாருங்க."

வகுப்பில் ஒருநாளும் ஒரு கணக்கை இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்க மாட்டான். "நல்லது. உடம்பையும் பார்த்துக்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இருந்த ஒயின்களில் நாசிக்கிலிருந்து வந்தது ஒன்று. அதன் லேபிளில் இலை, செடி, பச்சை நிறம் என்று ஆர்கானிக் அடையாளம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொன்றின் பாட்டில், ஆளை அடிக்கலாம்போல அவ்வளவு கனம். மூடி தகரம். வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்று இரவு சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, ஒரு யோசனை சொன்னார். "பாண்டிச்சேரியில கிடைக்கும். அங்க இல்லாததே கிடையாது. என் வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்." அவருடைய வண்டி என்பது ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி. அதில் இரண்டு சம்பந்தி வீட்டாருமாக நாலு பேர் போவது என்று முடிவாயிற்று. தனித்தனியாகப் போகாமல் ஒரே வண்டியில் போவதால் நாங்கள் பூமிக்கு ஒரு உபகாரம் செய்கிறோம் என்று அவர் சொன்னதை நாங்கள் ஒப்புக்கொண்டோம். என் கணவரும் "துணைக்கு" வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பாண்டிச்சேரியில் கமிட்டிக்காரர்கள் இருக்க மாட்டார்கள் போலும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ப் பாண்டிச்சேரியில் மதியச் சாப்பாடு முடித்து, ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். கேட்டதும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். லேபிளில் பச்சை இலை, மெல்லிய பாட்டில், மரப்பட்டைத் தக்கை. பிரான்ஸில் செய்தது.

"தூரத்துல இருந்து வரக் கூடாதுன்னு சொன்னாளே," என்றேன்.

"பாண்டிச்சேரியே பிரெஞ்சுக்காரன் ஊர்தானே சம்பந்தி? அப்படிப் பார்த்தா இது லோக்கல்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அதோட கப்பல்ல வந்திருக்கு. லாரியைவிடக் கப்பலுக்குப் புகை கம்மி."

நாலு பாட்டில் வாங்கினோம். வண்டியின் பின்பக்கம், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், என் பழைய பருத்திப் புடவையில் சுற்றி வைத்தோம். உடையாமல் இருப்பதற்கு என்று சொல்லிக்கொண்டோம். ஒளித்து வைக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து பின்கதவைத் திறக்கச் சொன்னார். புடவையைப் பிரித்தார்.

"என்னம்மா இது?"

சம்பந்தியம்மாதான் பதில் சொன்னார். "பிள்ளைங்க நிச்சயதார்த்தத்துக்கு சார். ஒரு வாய்தான் எல்லாருக்கும்."

"பாண்டிச் சரக்கு தமிழ்நாட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா? படிச்சவங்கதானே?"

"இது ஆர்கானிக் சார்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எதுவா இருந்தா என்ன சார்? சட்டத்துல ஆர்கானிக்குக்குத் தனிப் பிரிவு இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"ரிட்டயர்டு டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"மேத்ஸ்."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அவருக்கும் எங்கோ ஒரு கணக்கு டீச்சர் இருந்திருக்க வேண்டும். எங்கள் நாலு பேரின் நரைத்த தலைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "கேஸ் எழுதினா பேப்பர்ல வரும். பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு ரெண்டும் சேர்ந்து மாட்டினாங்கன்னு போடுவான். எதுக்கு? நீங்களே எல்லாத்தையும் கீழ ஊத்திட்டுக் கிளம்புங்க."

நன்றி சொல்லிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு சாலையோரச் சவுக்குத் தோப்புப் பக்கம் போனோம். அங்கேதான் ஒரு சிக்கல். மரப்பட்டைத் தக்கையைத் திறப்பது எப்படி? நகத்தால் நோண்டினேன், வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பேனாவால் குத்திப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் கணவர் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மடக்குக் கத்தியை விரித்தார். உள்ளேயிருந்து ஒரு சுருள் கம்பி வந்தது. தக்கையில் வைத்துத் திருகி, டப் டப்பென்று நாலு பாட்டிலையும் திறந்துவிட்டார். கை நடுங்கவில்லை, ஒரு தக்கையும் உடையவில்லை.

"இது ஏது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நகவெட்டியோட சேர்ந்து வந்தது," என்றார்.

பல வருஷங்களாக அந்தச் சாவிக்கொத்தைத்தான் நானும் தினமும் எடுத்துக் கதவைப் பூட்டுகிறேன். ரயில்வேயில் நைட் டியூட்டிக்கு நகவெட்டி கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சாலையில் வைத்து அதற்குமேல் விசாரிக்கவில்லை.

நானே ஊற்றினேன். சிவப்பாக மணலில் இறங்கி, நுரைத்து, ஒரு நிமிஷத்தில் காணாமல் போனது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை எழுந்தது. இத்தனை வருஷம் மதுவை ஒழிப்போம், மதுவை ஒழிப்போம் என்று மைக்கில் வாசித்திருக்கிறேன். என் கையால் நிஜமாகவே ஒழித்தது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நாலாவது பாட்டிலைக் கவிழ்க்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

காலி பாட்டில்களைத் தோப்பிலேயே போட்டுவிட்டு வரச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். சம்பந்தியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணாடி சார். இங்க போட்டா மண்ணு கெட்டுடும். மருமக கேட்பா," என்று நாலையும் புடவையில் சுற்றி மறுபடி வண்டியில் வைத்தார்.

"சரக்கைக் கீழ ஊத்திட்டு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு போறவங்களை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்," என்று சொல்லி, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை இறக்கினார் அவர்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மகள் கோபப்பட்டாள். போலீஸில் மாட்டியதற்காக இல்லை. "டீசல் வண்டியிலயா போனீங்க? பாண்டிச்சேரிக்கா? போயிட்டு வந்ததுக்கு எவ்ளோ கார்பன் தெரியுமா?" என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய்க்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"ஒரு வாயும் வரலையே, பூஜ்ஜியத்தால வகுக்க முடியாது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. பீர்க்கன்கரணை பக்கம் சாலையோரத்தில் ஒருவர் பதநீர் விற்பதைப் பார்த்திருக்கிறார். அவரும் மகளும் போனில் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள். பாட்டில் இல்லை, தக்கை இல்லை, கப்பல் இல்லை, பனைமரத்துக்கு எவனும் மருந்து அடிப்பதில்லை. ஒயின் இல்லாவிட்டாலும் எல்லாரும் கையில் ஒரு டம்ளர் பிடிக்கலாம், பழக்கமும் விட்டுப்போகாது. எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. பதநீரை எந்தக் கமிட்டி தடுக்கும்? மாப்பிள்ளையே போய் விற்கிறவரிடம் பேசிச் சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

மே மாதத்துச் சனிக்கிழமை. எங்கள் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டிருந்தது. காலையிலேயே எவர்சில்வர் டிரம் நிறையப் பதநீர் வந்து இறங்கி, வெயிலில் ஒரு ஓரமாக இருந்தது. மூன்று மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் சபையார் இந்தப் பக்கம், அவர்கள் உறவினர்கள் அந்தப் பக்கம். எங்கள் ஆயரும் அவர்களுடைய ஃபாதரும் இரண்டு ஓரத்து நாற்காலிகளில், நடுவில் ஒரு மின்விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்தார்கள், பேசவில்லை.

ஜெபம் முடிந்தது. மோதிரம் மாற்றினார்கள். கேக் வெட்டினார்கள். எல்லார் கையிலும் ஒரு டம்ளர் பதநீர் போனது. மாப்பிள்ளையின் அப்பா ஆசீர்வாதமாக நாலு வார்த்தை சொல்ல, எல்லாரும் டம்ளரை உயர்த்திக் குடித்தோம்.

நாக்கில் சுருக்கென்றது. இனிப்பு இருக்க வேண்டிய இடத்தில் புளிப்பு இருந்தது. மூக்கு வரை ஒரு காரம் ஏறியது. நான் கள் குடித்ததில்லை. ஆனால் டம்ளரிலிருந்து வந்த வாசனை, சவுக்குத் தோப்பில் நின்று நான் முகர்ந்த வாசனைக்கு நெருங்கிய சொந்தம் என்பது தெரிந்துவிட்டது.

பக்கத்தில் சம்பந்தியம்மா காதோடு சொன்னார். "சம்பந்தி, இது பதநீர் இல்ல."

"தெரியுது. இப்ப என்ன பண்றது?"

"பேசாம இருங்க."

என் கணவரைப் பார்த்தேன். அவர் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை அகலத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரைக் காலி செய்துவிட்டு, இரண்டாவது டம்ளருக்கு வரிசையில் போய் நின்றார்.

நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முகம் சுளித்தவர்கள் சின்னப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த இரண்டு மூன்று இளம் தாய்மார்களும்தான், அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். சேகரக் கமிட்டி முழுவதும் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. பதநீரின் ருசி மட்டுமே தெரிந்தவர் யாராக இருந்தாலும் இதைக் குடித்ததும் "என்ன இது, கெட்டுப்போச்சா?" என்று கேட்டிருப்பார். கேட்காதவர்களுக்கு இது என்னவென்று தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நிரூபணம் சொல்லிக் கொடுத்தவள், இவ்வளவு எளிய நிரூபணத்தைப் பார்த்ததில்லை. மைக்கை விட்டுவிட்டேன்.

"நல்ல குளிர்ச்சி. இந்த வெயிலுக்கு இதுதான் சரி," என்றார் ஆயர், டம்ளரை நீட்டி.

"உடம்புக்கும் நல்லது," என்றார் ஃபாதர். அவர் மின்விசிறியைத் தாண்டி ஆயருக்குப் பக்கத்து நாற்காலிக்கு எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மாடி வேறு மாடியாகிவிட்டது. எங்கள் பாடகர் குழு எழுந்து ஒரு கீர்த்தனை பாடியது. அந்தப் பக்கத்தார் தாளம் போட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா என் கணவரின் தோளில் கைபோட்டு ரயில்வேயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர், எப்போதும் என்னோடு ஏதாவது மனத்தாங்கல் வைத்திருக்கிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு தங்கம்," என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன். என் டம்ளரும் காலியாகியிருந்தது. தலை லேசாக, இதமாக இருந்தது. மகள் மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்தன்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளை இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது எல்லாரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மகளும் கூடவே வந்து நின்றாள்.

"பதநீர்க்காரர்கிட்ட என்ன சொன்னீங்க தம்பி?"

"ஒண்ணும் சொல்லலையே அத்தை. பானையில சுண்ணாம்பு தடவுவேன்னாரு. கெமிக்கல் எதுவும் வேணாம், நேச்சுரலா குடுங்கன்னு சொன்னேன். அவரும் 'சரி சார், உங்க இஷ்டம்'னு சிரிச்சாரு."

புளித்துக் கள்ளாகிவிடாமல் பதநீரைப் பதநீராக வைத்திருப்பதே அந்தச் சுண்ணாம்புதான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். இரண்டு பொறியியல் பட்டதாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் மகள் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா நாம குடிச்சதுதாம்மா நம்ம ஊரிலேயே ரொம்பப் பசுமையான மது. பாட்டிலே இல்ல, ஜீரோ வேஸ்ட்!"

"ஆமாம்," என்றேன். "அதனாலதான் தடை பண்ணி வெச்சிருக்காங்க."

அவள் அதை எழுதி வைத்துக்கொள்ளப் போன் எடுத்தாள். எங்கேயும் போடாதே, உங்க அப்பா கமிட்டியில இருக்கார் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டார் போன பிறகு டம்ளர்களைக் கீழே இறக்கினேன். டிரம்மின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது என்று நான் கேட்பதற்குள் என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"நீ களைச்சிருப்பே. போய் உட்காரு. டிரம்மை நான் கழுவி வைக்கிறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவி நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கீழே போய், மின்விசிறியைப் போட்டு, சோபாவில் காலை நீட்டிக்கொண்டேன். மாடியில் வெகு நேரம் தண்ணீர் சத்தமே கேட்கவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.